சலீம் அலி வாழ்க்கையை வைத்து 7-ஆம் வகுப்புக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்பு: ஆறு பாடவேளைத் திட்டம், திருத்தம் சொல்லுங்கள்

#1 செம்போத்து

நவம்பர் 12 பறவையியலாளர் சலீம் அலி பிறந்த நாள். அதை ஒட்டி 7-ஆம் வகுப்புக்கு 40 நிமிடம் வீதம் ஆறு பாடவேளை கிடைத்திருக்கிறது. 40 பிள்ளைகள், ஒரே ஒரு பைனாகுலர். வளாகத்தில் ஒரு வேம்பு, இரண்டு புங்கன். சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு குட்டையும் கரையில் பனைகளும்.

இப்போது போட்டிருக்கும் வரிசை: வாழ்க்கை வரலாறு ஒன்று, பறவைகளை அடையாளம் காண்பது ஒன்று, வெளியே பார்ப்பது இரண்டு, பரத்பூர் (ராஜஸ்தானில் உள்ள பறவைகளுக்கான தேசியப் பூங்கா) ஒன்று, தேர்வு ஒன்று.

முதல் பாடவேளைதான் இடிக்கிறது. 1896 பம்பாயில் பிறப்பு, 1958 பத்ம பூஷண், 1976 பத்ம விபூஷண், 1985 மாநிலங்களவை, 1987 மறைவு என்று கரும்பலகையில் எழுதினால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அத்தோடு சரி. சிறுவயதில் ஏர்கன்னால் குருவி சுட்ட கதையிலிருந்து தொடங்கினால், "பறவையைச் சுட்டவரையா பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது?" என்று ஆசிரியர் அறையிலேயே கேள்வி வருகிறது. என்ன செய்யலாம்?

#2 கொண்டலாத்தி

சுட்டதிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் கதையைச் சுட்டதோடு நிறுத்தாதீர்கள். பாடம் இருப்பது அதற்குப் பிறகு நடந்ததில்.

பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. பெற்றோர் இல்லை, தாய்மாமா அமீருதீன் தியாப்ஜி வீட்டில் வளர்கிறான். விழுந்த குருவியை எடுத்துப் பார்த்தால் கழுத்தில் மஞ்சள் திட்டு. வழக்கமான சிட்டுக்குருவிக்கு அது கிடையாது. இதைச் சாப்பிடலாமா கூடாதா என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் போகிறான். மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறார். அங்கே செயலாளர் மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைக் குருவி என்று சொல்லி, இழுப்பறை இழுப்பறையாக, கெடாமல் பதப்படுத்திப் பாடம் செய்த பறவைகளைத் திறந்து காட்டுகிறார். 1883-இல் தொடங்கிய கழகம் அது.

வகுப்பில் இதைக் கதையாகச் சொல்வதைவிடப் புதிராக வைப்பது மேல்:

40 பேரை எட்டுக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு இரண்டு படம் கொடுங்கள். ஒன்று ஆண் சிட்டுக்குருவி: சாம்பல் உச்சி, கறுப்புத் தொண்டை. மற்றது ஆண் மஞ்சள் தொண்டைக் குருவி: தொண்டையில் மஞ்சள், தோளில் செம்பழுப்பு, இறக்கையில் வெள்ளைக்கோடு. பெயர் எழுதாதீர்கள். "இரண்டும் ஒன்றா, வேறா? மூன்று காரணம் எழுது." பத்து நிமிடம். அதன் பிறகுதான் கதை.

கறுப்பு வெள்ளை நகல் எடுத்துக் கொடுத்தால் காரியம் கெட்டது, மஞ்சளே தெரியாது. வண்ண நகலுக்கு வழியில்லையென்றால் மஞ்சள், பழுப்பு கிரேயானால் நீங்களே தீட்டிக் கொடுங்கள்.

#3 குருகு

ஒப்பவில்லை. 12 வயதுப் பையன்கள் பாதிப் பேர் டவுசர் பையில் உண்டிவில் இருக்கும். "அவரும் சுட்டார், பெரிய ஆளானார்" என்றுதான் அவர்கள் காதில் விழும். தூக்கணாங்குருவி ஆராய்ச்சியிலிருந்து தொடங்கினால் என்ன குறை?

#4 கொண்டலாத்தி

அந்த ஆபத்து உண்மைதான், குருகு சார். ஆனால் மறைத்தால் வேறு சிக்கல் வரும். கூட்டத்தில் ஒரு பிள்ளை எங்காவது படித்துவிட்டு வந்து கேட்கும், அப்போது பூசி மெழுகவேண்டிவரும். அதோடு, அவர் பெரியவரான பிறகும் ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர்தான். அக்காலப் பறவையியல் அப்படித்தான் நடந்தது. கையில் பிடித்துப் பார்க்காமல் பல இனங்களைப் பிரித்தறிய முடியாது. 1972-இல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைக்குப் பெரும்பாலான வேலைக்குக் கேமராவும் ஒலிப்பதிவும் போதும். இந்த மாற்றத்தையே பாடத்தில் வையுங்கள்.

சொல்லும்போது இரண்டு விஷயம். கேள்வியை "சுட்டது சரியா?" என்று வைத்தால் எல்லாரும் ஒரே குரலில் "தப்பு சார்" என்பார்கள், பேச்சு அங்கேயே முடியும். "கீழே விழுந்ததும் அந்தப் பையன் என்ன செய்தான்? மற்ற பையன்கள் என்ன செய்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது, உண்டிவில் வைத்திருக்கும் பிள்ளையை, வீட்டில் கண்ணி வைக்கும் பழக்கம் உள்ள பிள்ளையை எழுப்பி நிற்கவைக்காதீர்கள். எந்தக் குரல் எந்தப் பறவை, எந்த நேரத்தில் எது எங்கே இறங்கும் என்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். அவமானப்பட்டால் வாயைத் திறக்காது. வெளியே போகும் நாளில் குழுவுக்கு முன்னால் நடக்கவேண்டியதே அந்தப் பிள்ளைதான்.

#5 நத்தைகுத்தி

வெளியே போகும் இரண்டு பாடவேளை பற்றி. பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்.

பைனாகுலரை முதல் நாள் பீரோவிலேயே வையுங்கள். ஒன்றை எடுத்துப் போனால் 40 பேரும் பார்ப்பது பைனாகுலரைத்தான், பறவையை அல்ல. இரண்டாம் நாள் எடுத்தால், வாருக்குள் தலையை விட்ட பிறகுதான் கையில் பிடிக்கவேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது. புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால் 8 மடங்கு போதும். 10 மடங்கு சின்னக் கையில் ஆடும்.

ஐந்து பேர் ஒரு குழு: இருவர் பார்க்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் பார்க்க. ஒரே இடத்தில் 15 நிமிடம். அதற்கு மேல் இந்த வயதுக்குத் தாங்காது. ஐந்தாவது நிமிடம் பிள்ளைகள் சலிப்பார்கள், எட்டாவது நிமிடத்துக்குமேல்தான் பறவைகள் இயல்புக்கு வரும். இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் காத்திருப்பார்கள். காலை 9 மணிக்கு முன்னால் அல்லது மாலை 4 மணிக்குப் பிறகு. நண்பகல் பாடவேளையில் போனால் காகமும் மைனாவும்தான். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பு.

இடம் காட்ட விரல் நீட்டக் கூடாது, பறந்துவிடும். மரத்தைக் கடிகாரமாக வைத்துச் சொல்லப் பழக்குங்கள்: உச்சி 12 மணி, வலது நுனி 3 மணி. "வேம்பு, 2 மணி, உள்கிளை." ஒரே நாளில் பழகிவிடுவார்கள், அதில் ஒரு குஷியும் உண்டு.

தாளில் ஐந்து கட்டம்: நேரம், அளவு, எண்ணிக்கை, எங்கே, என்ன செய்தது. பெயருக்குக் கட்டமே வேண்டாம். பெயர் கட்டம் இருந்தால் அதை நிரப்பிவிட்டுப் பறவையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அளவுக்கு நான்கு படி: சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து. "மைனாவைவிட ஒல்லி, வால் பிளந்தது, கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சி பிடித்துத் திரும்ப அதே கம்பிக்கு வந்தது" என்று எழுதிவிட்டால் கரிச்சானை வகுப்புக்குள் வந்து கண்டுபிடிக்கலாம்.

"நிறைய" என்ற சொல்லுக்குத் தடை. மந்தையாக இருந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, மொத்தம் எத்தனை பத்து என்று பார்க்கவேண்டும். மரத்தையே சுற்றிச் சுற்றி வரும் தவிட்டுக்குருவியை வந்த தடவையெல்லாம் எண்ணி 40 என்று எழுதுவார்கள். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கை எதுவோ அதுதான் கணக்கு.

#6 பனங்காடை

குட்டைக்கரையில் பனை இருக்கிறது என்கிறீர்கள். தூக்கணாங்குருவிக் கூடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சலீம் அலி வாழ்க்கையின் ஆகச் சிறந்த பகுதியைப் பிள்ளைகள் நேரில் பார்த்துவிடலாம்.

பின்னணி இதுதான். பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் வேலை கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை. அங்கிருந்து விடுப்பில் பெர்லின் போய் ஜெர்மன் பறவையியலாளர் எர்வின் ஷ்ட்ரேசமானிடம் பயின்று 1930-இல் திரும்பினால் அந்த வேலையும் இல்லை. கடலோரக் கிராமமான கிஹிமில் போய்த் தங்குகிறார். அங்கே தூக்கணாங்குருவிக் கூட்டம். வேலையில்லாத மனிதர் நாள்கணக்கில் அதைப் பார்த்து எழுதிய குறிப்புகள்தான் அந்தப் பறவையின் இனப்பெருக்க முறையை வெளிக்கொண்டுவந்தன.

ஆறு அட்டை செய்து கலைத்துக் கொடுங்கள், வரிசைப்படுத்தட்டும்:

– ஆண் புல் நாரைக் கிழித்துக் கொண்டுவந்து ஓலை நுனியில் முடிச்சுப் போடுகிறது
– கூடு தலைக்கவசம் மாதிரிப் பாதி வடிவத்தில் நிற்கிறது
– பெண் பறவைகள் வந்து உள்ளே பார்க்கின்றன
– ஒரு பெண் ஏற்றுக்கொள்கிறது
– ஆண் முட்டையறையை முடித்து நீளக் குழாய் வாசல் பின்னுகிறது
– ஆண் பக்கத்தில் இன்னொரு கூட்டைத் தொடங்குகிறது

"ஆண் முழுக் கூட்டையும் கட்டி முடிக்கும், பிறகு பெண் வரும்" என்றே எல்லாக் குழுவும் அடுக்கும். தப்பு என்று நீங்கள் சொல்லவேண்டாம். பனைக்குக் கீழே கூட்டிப்போய், குழாய் உள்ள கூடு எத்தனை, குழாய் இல்லாத அரைக்கூடு எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். அரைக்கூடு ஏன் அப்படியே தொங்குகிறது என்று அவர்களே கேட்பார்கள். பல அரைக்கூடுகள் எந்தப் பெண்ணும் ஏற்காதவை.

கூட்டுக்குள் களிமண் உருண்டை ஒட்டியிருக்கும். மின்மினியைப் பிடித்து அதில் பதித்து விளக்கு வைக்கும் என்று ஊரில் சொல்வதைப் பிள்ளைகள் கட்டாயம் சொல்வார்கள். கரும்பலகையில் இரண்டு பத்தி போடுங்கள்: "பார்த்தது", "கேட்டது". மண் முதல் பத்தியில், மின்மினி இரண்டாவதில். காற்றில் கூடு ஆடாமல் இருக்க மண் பாரமாக உதவலாம் என்று ஒரு கருத்து உண்டு. அதையும் "கேட்டது" பக்கமே எழுதவையுங்கள்.

#7 செம்போத்து

கூடு இருக்கிறது, ஏழெட்டுத் தொங்குகிறது. மூன்று சந்தேகம். ஒன்று, ஆண் பல கூடு கட்டிப் பல துணை சேர்வதை 7-ஆம் வகுப்பில் எந்த அளவுக்குச் சொல்வது? இரண்டு, கீழே விழுந்த கூட்டை வகுப்புக்கு எடுத்து வரலாமா? மூன்று, கூட்டின் அருகே 40 பேர் போகலாமா?

#8 பனங்காடை

"ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும், அடைகாப்பது தாய், குஞ்சுக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் தாய்தான்." இது போதும். சிரித்தால் சிரிக்கட்டும், பறவைக்கு மனிதக் குடும்ப விதி பொருந்தாது என்று சொல்லிவிட்டுக் கடந்துபோங்கள்.

விழுந்த கூட்டை எடுக்காதீர்கள். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். விழுந்ததை எடுக்கலாம் என்றால் அடுத்த வாரம் நாலு பேர் விழவைத்து எடுத்து வருவார்கள். பழைய கூட்டில் பேன், உண்ணி வேறு. படம் எடுத்துக் காட்டினால் போதும்.

ஒரு தடவைக்கு ஒரு குழு, சில நிமிடம், எதிர்க்கரையிலிருந்து. பறவை கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தால் நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டப் போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள். குட்டைக்கரை என்பதால் இன்னொரு பெரியவர் கூட நிற்பது கட்டாயம்.

சட்டம் பேசும் அன்று ஒரு பிள்ளை "எங்க வீட்ல கிளி வளர்க்கிறோம்" என்று எழுந்து நிற்கும். பச்சைக்கிளியும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. ஆனால் வகுப்பு நடுவே விசாரணை வைக்காதீர்கள், தனியாக வீட்டாரிடம் பேசுங்கள். இறக்கை வெட்டிய கிளியைக் கூண்டைத் திறந்து விட்டாலும் அது பிழைக்காது. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

#9 கூகை

எழுதி வைப்பதன் அருமையைக் காட்ட நம்ம மேகமலை வௌவாலைச் சேருங்கள். ஐந்து நிமிட வேலை.

1948-இல் ஹட்டன் என்ற எஸ்டேட்காரர் தேனிப் பக்கம் மேகமலையில் ஒரு வௌவாலைப் பிடித்து, பாடம் செய்து, சீட்டுக் கட்டி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புகிறார். சாதாரணக் குட்டைமூக்குப் பழந்தின்னி என்று நினைத்து இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். தாய்லாந்து விலங்கியலாளர் தோங்லோங்யா அதை மறுபடி எடுத்துப் பார்த்து, இனம் மட்டுமல்ல பேரினமே புதிது என்று 1972-இல் வெளியிட்டார். சலீம் அலி பெயரையே அதற்கு வைத்தார். 24 வருஷம் இழுப்பறையில் கிடந்ததற்கு மதிப்பு வந்தது எதனால்? எங்கே பிடித்தது என்று எழுதிய சீட்டு கூடவே இருந்ததால்.

செய்முறை: ஐந்து உதிர்ந்த இலை, ஐந்து சீட்டு. முதல் நாள் ஒரு குழு இடம், நாள், பொறுக்கியவர் எழுதிக் கட்டட்டும். மறுநாள் வேறு குழு அந்தச் சீட்டை மட்டும் வைத்து மரத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். "பள்ளிக்கூடம் அருகில்" என்று எழுதிய குழு மாட்டிக்கொள்ளும். மயில் இறகு, வேறு இறகு எதுவும் பொறுக்கவேண்டாம், இலையே போதும்.

#10 உள்ளான்

கோடியக்கரையை விட்டுவிட்டீர்களே! பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் பறவையின் காலில் வளையமிட்ட இடம். எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த இலேசான உலோக வளையம். அதே பறவை வேறொரு நாட்டில் அகப்பட்டால் எண் மூலம் வழி தெரியும். உலக வரைபடத்தில் நூல் கட்டிக் காட்டுங்கள்.

வளையமிடுதல் வலசை அறிய மட்டுமல்ல, தொகை மதிப்பிடவும் இதே யோசனைதான். கணக்குப் பாடத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். குழுவுக்கு ஒரு துணிப்பை, அதில் எண்ணாமல் அள்ளிப்போட்ட புளியங்கொட்டை. 50 கொட்டையை வெளியே எடுத்து அடையாளமிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்கு. பிறகு 40 எடு. அதில் அடையாளம் உள்ளது 8 என்றால், 50 × 40 ÷ 8 = 250. கடைசியில் கொட்டிக் கொட்டையை எண்ணி ஒப்பிடட்டும்.

கெடும் இடங்கள்: பெயின்ட் அடித்தால் தடிப்பு விரலுக்குத் தெரியும், தேடி எடுப்பார்கள், வெள்ளை மார்க்கரால் சின்னப் புள்ளி போதும். கையால் எடுக்காமல் டம்ளரால் அள்ளவேண்டும். சரியாகக் குலுக்காவிட்டால் அடையாளமிட்டவை மேலேயே கிடக்கும், விடை குறைவாக வரும். 40-க்குப் பதில் 10 எடுத்த குழுவுக்கு 125-ம் வரும், 500-ம் வரும். அந்தக் குழுவைத் திட்டாதீர்கள். மாதிரி சின்னதானால் கணக்கு ஏன் ஆடுகிறது என்பதைக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

#11 குருகு

துப்பாக்கி விஷயத்தில் கொண்டலாத்தி சொன்னதை ஏற்கிறேன். புதிராக வைத்தால் சரி. அதே நேர்மை பரத்பூரிலும் வேண்டும். "சலீம் அலி சரணாலயத்தைக் காப்பாற்றினார்" என்று மட்டும் சொல்வது பாதிக் கதை.

பரத்பூரின் கேவலாதேவ் ஒரு காலத்தில் மன்னரின் வாத்து வேட்டைக்களம். அது பறவைகளுக்கான இடமாக நிலைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. தேசியப் பூங்கா ஆன கையோடு, 1982-இல், எருமை மேய்க்கத் தடை வந்தது. அவரைப் போன்ற பறவையியலாளர்களின் ஆதரவோடு வந்த தடை. சுற்றுக் கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்ச்சேதம். அதன்பின் கழகத்தின் ஆய்வாளர்களே பல ஆண்டுகள் அளந்து பார்த்தால், எருமை மேயாததால் ஒருவகை நீர்ப்புல் தண்ணீரை அடைத்து வளர்ந்திருக்கிறது, நீர்ப்பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்திருக்கிறது.

நான்கு தரப்பு: எருமை வளர்ப்பவர், வன அலுவலர், வாத்து, ஆய்வாளர். ஆய்வாளர் தரப்பு கடைசி 15 நிமிடம்தான் பேசவேண்டும். முதலிலேயே பேசினால் மற்ற மூவருக்கும் வேலை இல்லை. வாத்துக்குப் பேசும் குழு பெரும்பாலும் தடையை ஆதரித்துத்தான் வாதாடும், பிறகு தன் வாதமே தனக்கு எதிராகத் திரும்புவதைப் பார்க்கும். முடிவில் "விஞ்ஞானிகளுக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒரு குரல் வரும். தப்பைக் கண்டுபிடித்தது யார் என்று அந்தப் பிள்ளையிடமே திருப்பிக் கேளுங்கள்.

சைபீரியக் கொக்கை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். 2002-க்குப் பிறகு அது பரத்பூருக்கு வரவில்லை. ஆனால் வலசைப் பாதையில் வேட்டை போன்ற வேறு காரணங்களும் அதில் உண்டு.

#12 தேன்சிட்டு

எல்லாரும் சலீம் அலியே சொல்கிறீர்கள். நம்ம மா. கிருஷ்ணன் (1912–1996) இருக்கிறாரே. தமிழிலேயே எழுதியவர், கறுப்பு வெள்ளைப் படமெடுத்தவர், அயல்நாட்டு அலங்கார மரத்தைவிட நம் மண்ணின் மரமே வேண்டும் என்று வாதாடியவர். மொழிபெயர்ப்பு இல்லாமல் பிள்ளைகளே வாசிக்கலாம். வளாகத்தில் எந்த மரம் நடுவது என்று ஒரு பாடவேளை வைத்தால் இவர்தான் சரியான ஆள்.

#13 கொண்டலாத்தி

ஆறு பாடவேளைக்குள் இருவரைத் திணித்தால் இரண்டும் மேலோட்டமாகப் போகும். கிருஷ்ணனை அடுத்த பருவத்துக்கு வையுங்கள், மரம் நடும் மாதத்தோடு பொருந்தும்.

தேர்வு பற்றி: "சலீம் அலி பற்றிக் கட்டுரை வரைக" வேண்டவே வேண்டாம். பார்த்திராத ஒரு பறவையின் அரை நிமிடக் காணொளியை இரண்டு தடவை போட்டு, குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அளவு 2, அலகும் வாலும் 2, நடத்தை 2, இடம் 2, எது நிச்சயமில்லை என்று எழுதியதற்கு 2. ஆக 10. பெயருக்கு மதிப்பெண் இல்லை. கடைசி 2 மதிப்பெண்ணைத்தான் முதல் தடவை எல்லாரும் இழப்பார்கள், ஏனென்றால் தெரியவில்லை என்று எழுதினால் மதிப்பெண் போகும் என்றே இதுவரை பழகியிருக்கிறார்கள்.

#14 செம்போத்து

மாற்றிய வரிசை: 1 – இரண்டு குருவிப் புதிர், பிறகு கதை, கடைசி ஐந்து நிமிடம் வௌவால். 2 – ஆறு அட்டை, இலைச் சீட்டு. 3 – வேம்படி, பெயர் கட்டம் இல்லாத தாள். 4 – பனைக்கூடு, ஒவ்வொரு குழுவாக. காத்திருக்கும் குழுக்களுக்குப் புளியங்கொட்டை. 5 – பரத்பூர். 6 – காணொளித் தேர்வு. விருதுப் பட்டியலை எடுத்துவிட்டேன்.

நவம்பர் என்பதால் மழை வந்தால்?

#15 நத்தைகுத்தி

3, 4 இரண்டையும் எந்த நாளுக்கும் தள்ளும்படி வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை வரிசைப்படி போகட்டும். தூறல்தான் என்றால் வராந்தாவிலிருந்தே 15 நிமிடம் பார்க்கலாம். மழை விட்டதும் புல்தரையில் இறங்கும் மைனா, மடையான், கொண்டலாத்தியை எண்ணவே நேரம் சரியாக இருக்கும். இடி இடித்தால் எல்லாரும் உள்ளே. அந்தத் தாளைப் பத்திரப்படுத்தினால் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இதே 15 நிமிட முறையில் மறுபடி எண்ணி ஒப்பிடலாம்.

பென்சில் கொடுங்கள். ஜெல் பேனா என்றால் ஒரு சொட்டு பட்டாலும் தாள் முழுக்க நீலம்.